வாட்ஸ்அப்பை மூடாமலேயே காவல்: ஜீக், ரிட்டா, சிஸ்மான் பயன்படுத்திப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது ஐம்பது கம்ப்யூட்டருக்குள் அடங்கும் ஓர் ஆபீசின் நெட்வொர்க்கை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர் என்றால், ஜீக், ரிட்டா, சிஸ்மான் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஜீக் நெட்வொர்க்கில் போகும் இணைப்புகளைக் குறித்துவைக்கும், ரிட்டா அந்தக் குறிப்பில் சந்தேகமானதைத் தேடும், சிஸ்மான் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் எந்த ப்ரோக்ராம் என்ன செய்கிறது என்று பதியும். மூன்றுமே காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் தினமும் காலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லையென்றால் போடவே வேண்டாம். பெட்டி ஓடும், லாக் (பதிவேடு) குவியும், யாருக்கும் எதுவும் தெரியவராது.

நான் பார்த்துக்கொள்வது மண்ணடிப் பக்கம், லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டி இருக்கும், இறக்குமதியாளர்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் நடந்து போகிற தூரம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. இறக்குமதியாளர் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் அதில்தான் அனுப்புவார். சுங்கத்துக்கான இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரி போடுவதற்கு முன் செக்லிஸ்ட்டை அதில்தான் அனுப்பி ஒப்புதல் வாங்குவோம். மாதவரத்திலும் மணலியிலும் இருக்கும் கன்டெய்னர் கிடங்கான சிஎஃப்எஸ்ஸிலிருந்து டிரைவர் கன்டெய்னர் சீல் போட்டோவை அதில்தான் போடுவார். அதனால் எல்லா மேஜையிலும் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும். சில வாடிக்கையாளர்கள் டெலிகிராம். மார்க்கெட்டிங் பார்க்கும் தம்பிக்கு ஃபேஸ்புக்கும் லிங்க்ட்இன்னும் வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு வந்து, "சோஷியல் மீடியாவை மொத்தமா பிளாக் பண்ணிடுங்க சார், பாதுகாப்பு" என்று ஒரு கம்பெனி ஃபயர்வால் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனது. பெயர் வேண்டாம். "சோஷியல் நெட்வொர்க்கிங்" என்ற வகையை டிக் செய்ததுமே வாட்ஸ்அப்பில் படம் இறங்கவில்லை. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் புகார் வந்தது, ஒவ்வொன்றாக விலக்கு கொடுத்தோம். கடைசியில் எல்லோருக்கும் எல்லாமே விலக்கு என்றாகிவிட்டது. மாதச் சந்தா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்று தேடித்தான் இந்த மூன்றுக்கும் வந்தேன்.

எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்த மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் ப்ரோக்ராம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தன் முதலாளியைக் கேட்க வேண்டும். முன்பெல்லாம் அது ஏதோ ஓர் ஊர்பேர் தெரியாத சர்வரைக் கூப்பிடும். அந்த முகவரி கெட்டது என்று தெரிந்தால் அடைத்துவிடலாம். இப்போது அது எல்லோரும் போகும் தளத்துக்கே போகிறது. பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டில் ஒருவன் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறான், ஊரே பார்க்கிறது, ஒருவனுக்கு மட்டும்தான் அதன் பொருள் புரிகிறது என்றால் எப்படியோ, அப்படி.

இது புதிய வித்தையும் இல்லை. 2009 ஆகஸ்டிலேயே ஆர்பர் நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் ட்விட்டரில் ஒரு கணக்கைப் பிடித்தார். பார்த்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். பேஸ்64 குறியீட்டைப் பிரித்தால் குறுஞ்சுட்டிகள். தொற்றிய கம்ப்யூட்டர்கள் அதைப் படித்து அடுத்த ஃபைலை இறக்கிக்கொண்டன. 2015இல் பாதுகாப்பு நிறுவனமான ஃபயர்ஐ அம்பலப்படுத்திய ஹேமர்டாஸ் என்ற மால்வேர் இன்னும் ஒரு படி மேலே. அன்றன்றைக்கு எந்த ட்விட்டர் பெயரைப் பார்க்க வேண்டும் என்று மால்வேரே ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்யும். அந்தப் பதிவில் ஒரு சுட்டியும் ஒரு ஹேஷ்டேகும் இருக்கும். சுட்டியில் ஒரு படம் இருக்கும், படத்துக்குள் கட்டளை ஒளிந்திருக்கும். அது எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, எந்தச் சாவியால் திறக்கும் என்பதற்கான துப்பு ஹேஷ்டேகில். 2018 அக்டோபரில் இரண்டு மீம் படங்களை ட்விட்டரில் போட்டு, அதற்குள் "ஸ்க்ரீன்ஷாட் எடு" என்ற கட்டளையை ஒளித்து வைத்திருந்ததை ட்ரெண்ட் மைக்ரோ கண்டுபிடித்தது. 2020இல் அஸ்டரோத் என்ற மால்வேர் யூடியூப் சேனல்களின் விவரப் பகுதியிலிருந்து தன் சர்வர் முகவரியை எடுத்துக்கொண்டிருந்ததை சிஸ்கோ டேலோஸ் எழுதியது.

இவற்றில் எதையும் "கெட்ட முகவரிப் பட்டியல்" பிடிக்காது. ட்விட்டரும் யூடியூபும் எந்தப் பட்டியலில் வரும்? ஆகவே எங்கே போகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எது போகிறது, எந்தத் தாளத்தில் போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தாளத்தை ஜீக்கும் ரிட்டாவும் காட்டும். எந்த ப்ரோக்ராம் என்பதை சிஸ்மான் சொல்லும்.

சரி, போட்ட கதைக்கு வருகிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மினி பிசி ஒன்று, ஐ5, பத்தாயிரத்தை ஒட்டி. ரேமை 16 ஜிபி ஆக்கி, ஒரு டிபி எஸ்எஸ்டி போட்டுக்கொண்டேன். ரிட்டாவின் இப்போதைய ஐந்தாம் பதிப்பு உள்ளே கிளிக்ஹவுஸ் டேட்டாபேஸை வைத்து ஓடுகிறது, ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். கூடவே போர்ட் மிரரிங் (மற்ற போர்ட்டுகளில் போவதன் நகலை ஒரு போர்ட்டுக்கு அனுப்பும் வசதி) உள்ள எட்டு போர்ட் ஸ்மார்ட் ஸ்விட்ச், மூவாயிரம் சொச்சம். கடைக்காரரிடம் "மிரரிங் இருக்கா அண்ணே" என்று கேட்டே வாங்குங்கள். சாதாரண ஸ்விட்சும் இதுவும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அது இல்லாவிட்டால் ஜீக்குக்குக் கண்ணே கிடையாது. மினி பிசியில் ஒரு லேன் போர்ட்தான் இருக்கும் என்பதால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றும் தேவைப்பட்டது. ஒரு போர்ட் கேட்பதற்கு, இன்னொன்று நாம் உள்ளே நுழைவதற்கு.

மிரர் எடுக்கும் இடம் முக்கியம். ரவுட்டருக்கு உள் பக்கம் எடுக்க வேண்டும். வெளிப் பக்கம் எடுத்தால் எல்லாம் ரவுட்டரின் ஒரே ஐபி முகவரியில் வரும், யார் மேஜை என்று தெரியவே தெரியாது. எங்கள் ஆபீசில் ஒரே இடத்தில் எல்லா கேபிளும் வந்து சேர்வதால் இது சுலபமாக முடிந்தது. மாடிக்கு மாடி தனித்தனி வைஃபை ரவுட்டர் வைத்திருக்கும் ஆபீசில் முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்குப் பின்னால் இருப்பவர்களை மறைத்துவிடும்.

ஜீக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு நம்பகமானது. 1995இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வெர்ன் பாக்ஸன் எழுதத் தொடங்கியது, 2018இல்தான் இந்தப் பெயருக்கு மாறியது. கேபிளில் போகும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு வரியாக எழுதிவைக்கும்: யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை பைட். தளத்தின் பெயருக்கு ஐபி எது என்று கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் ஒரு ஃபைலில், மறைகுறியாக்கிய டிஎல்எஸ் இணைப்புகள் இன்னொன்றில். உள்ளடக்கத்தைப் படிக்காது, படிக்கவும் முடியாது, எல்லாம் மறைகுறியில் போகிறது. ஆனால் டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலில் சர்வர் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாக வரும், அது போதும். சமூக ஊடகத் தளங்கள் பெரும்பாலும் பகிர்ந்துகொள்ளும் ஐபிக்களில் இருப்பதால், ஐபியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பெயர்தான் பிடிமானம். யூடியூபும் ஃபேஸ்புக்கும் குயிக் என்ற புது இணைப்பு முறை வழியே போவதைத் தவிர்க்க ரவுட்டரில் அது பயன்படுத்தும் யூடிபி 443 என்ற வாசலை மூடிவிட்டேன். பிரவுசர்கள் தாமாகவே பழைய வழிக்கு வந்துவிடுகின்றன, யாரும் வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

ரிட்டாதான் இந்தக் கூட்டத்தில் மூளை. ஆக்டிவ் கவுன்டர்மெஷர்ஸ் குழுவினர் இலவசமாகக் கொடுப்பது. ஜீக்கின் லாக்குகளை விழுங்கி, ஒரு கம்ப்யூட்டர் ஓர் இடத்துக்குப் போகும் இணைப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடும். மனிதர் பிரவுசரில் உட்கார்ந்தால் ஒரு நிமிடம் பத்து கிளிக், அப்புறம் டீ, அப்புறம் போன் என்று இடைவெளி தாறுமாறாக இருக்கும். ப்ரோக்ராம் அப்படி இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் சாப்பாட்டு நேரத்திலும் கூப்பிடும். கெட்டிக்காரர்கள் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதுவார்கள். அந்தச் சிதறலையும் அது இரண்டு பக்கமும் சமமாக விழுகிறதா என்பதையும் ரிட்டா அளந்து மதிப்பெண் போடுவதால், சின்னச் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் ஏமாறாது. அனுப்பும் பைட் அளவு ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ரிட்டாவின் பட்டியலில் இருக்கும் இன்னொரு நெடுவரிசை. ஒரு முகவரிக்கு ஆபீசில் எத்தனை பேர் போகிறார்கள் என்று காட்டும் இடம். வாட்ஸ்அப்புக்கு எல்லோரும் போகிறார்கள், சரி. ஒரு முகவரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும், அதுவும் தாளம் தப்பாமல் போகிறது என்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். காலையில் ரிட்டாவின் பட்டியலில் மேலே ஒரு வரி. அக்கவுண்ட்ஸ் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர், போகும் இடம் ஏபிஐ டாட் டெலிகிராம் டாட் ஓஆர்ஜி. ஆபீசில் டெலிகிராம் பயன்படுத்துகிறார்கள்தான், அதனால் முதல் பார்வைக்குச் சாதாரணம். ஆனால் டெலிகிராம் ஆப்பும் டெலிகிராம் வெப்பும் இந்த முகவரிக்குப் போவதில்லை. இது பாட்களுக்கான, அதாவது தானாகச் செய்தி அனுப்பி வாங்கும் ப்ரோக்ராம்களுக்கான வாசல். ஒரு ப்ரோக்ராம் பாஸ்வேர்டு மாதிரியான தன் பாட் டோக்கனைக் காட்டிச் செய்தி அனுப்பவும் வாங்கவும் வைத்த இடம். அக்கவுண்ட்ஸ் மேஜையில் பாட் எழுதுகிறவர் யாரும் இல்லை. ஆபீஸ் முழுவதிலும் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் அங்கே போகிறது. ஜீக் லாக்கைத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். அந்த கம்ப்யூட்டரில் வேலை செய்யும் அக்கா வீட்டுக்குப் போன பிறகும், ஆபீஸ் பூட்டிய பிறகும், ராத்திரி முழுக்க அதே இடைவெளியில் வரிகள்.

நெட்வொர்க் பக்கம் இருந்து இவ்வளவுதான் தெரியும். எந்த ப்ரோக்ராம் என்பதை ஜீக்கால் சொல்லவே முடியாது. சிஸ்மான் இல்லையென்றால் அந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டும். சிஸ்மான் இருந்ததால் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து 22ஆம் எண் நிகழ்வுகளை வடிகட்டினேன். டிஎன்எஸ் கேள்வி எது, கேட்ட ப்ரோக்ராம் எது என்று இரண்டும் ஒரே பதிவில் இருக்கும். கேட்டது எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயருள்ள ஒன்று. பெயர் விண்டோஸுடையது, ஆனால் இருந்த இடம் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் ஃபோல்டர். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32வை விட்டு அங்கே வந்து உட்காராது. அடுத்து 1ஆம் எண் நிகழ்வு, அதாவது ப்ரோக்ராம் எப்போது யாரால் தொடங்கப்பட்டது என்ற பதிவு. தாய் ப்ரோக்ராம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்த, பிடிஎஃபை எக்செல்லாக மாற்றித் தரும் இலவச செட்அப் ஒன்று. ஒரு ஷிப்பிங் லைன் இன்வாய்ஸைப் பிடிஎஃபாக அனுப்பியிருக்கிறது, அதை எக்செல்லில் ஏற்ற வேண்டும், அந்த அக்கா தேடினார், கிடைத்தது, போட்டார். வேலையை முடிக்கத்தான் செய்தார். இதற்காக அவர்மேல் கோபப்படுகிற ஆபீசில் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

லேன் கேபிளைக் கழற்றினோம், கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி கருவியான டிஎஸ்சி டோக்கனை உடனே பிடுங்கினோம். கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த பொருள் அதுதான், சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கையெழுத்துதான் பொறுப்பு. வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து ஐஸ்கேட், வங்கி, ஜிஎஸ்டி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றினோம், பிரவுசரில் சேமித்து வைத்த எல்லாமே போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு. சந்தேக ஃபைலைத் தனியாக எடுத்து, அப்புறம்தான் அந்த கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தோம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கும் தகவல் கொடுத்தோம். 2022 ஏப்ரல் 28 அன்று வந்த அவர்கள் உத்தரவின்படி இப்படிப்பட்ட சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கவும் வேண்டும். ஜீக் இருந்ததால் அறிக்கையில் நேரம், இணைப்பு, பைட் எல்லாவற்றையும் துல்லியமாக எழுத முடிந்தது. லாக்குகள் மணிக்கொருமுறை சுருக்கப்பட்டு அடுக்கப்படுவதால் 180 நாள் என்பது ஒரு டிபிக்குள் எங்கள் அளவு ஆபீசுக்குத் தாராளமாக அடங்குகிறது.

குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் பட்டியல் முழுக்க தவறான எச்சரிக்கைகள்தான். சிசிடிவி டிவிஆர், பயோமெட்ரிக் வருகைப் பதிவுப் பெட்டி, பிரின்டர், ஆன்டிவைரஸ் எல்லாமே தாளம் தவறாமல் எங்கோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு விலக்குப் பட்டியலில் போட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, குறுக்கு வழி கிடையாது. இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். சத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப், டிஸ்கார்ட், கிட்ஹப் முகவரிகளை மொத்தமாக விலக்குப் பட்டியலில் தூக்கிப் போடாதீர்கள். மால்வேர் எழுதுகிறவர் அவற்றைத் தேர்ந்தெடுப்பதே நீங்கள் அதைச் செய்வீர்கள் என்று நம்பித்தான். சிஸ்மானுக்கும் இதே எச்சரிக்கை. எதைப் பதிய வேண்டும் என்று சொல்லும், இணையத்தில் கிடைக்கும் ஆயத்த கான்ஃபிக் ஃபைல்கள் நல்லவைதான், ஆனால் பிரபலமான பல முகவரிகளைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும்படி எழுதப்பட்டிருக்கும். அந்த விலக்குகளைப் படித்துப் பார்த்து, வேண்டியதைத் திரும்பச் சேர்த்துவிட்டு நிறுவுங்கள். நெட்வொர்க் இணைப்பைப் பதியும் 3ஆம் எண் நிகழ்வு இயல்பாக அணைத்தே இருக்கும், அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் விண்டோஸின் டிஎன்எஸ் வசதியைப் பயன்படுத்தாமல் தானே முகவரியைக் கண்டுபிடிக்கும் ப்ரோக்ராம் 22இல் சிக்காது, 3இல் சிக்கும்.

டிஸ்கார்ட் மாதிரித் தளங்களில் கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கிறது. டெலிகிராமில் பாட்டுக்குத் தனி முகவரி இருப்பதால் பிடிபட்டது. டிஸ்கார்டில் ப்ரோக்ராம் செய்தி போடும் வெப்ஹுக்கும் மனிதர் பேசுவதும் ஒரே முகவரியில் போகும், ஜீக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே சிஸ்மான் மட்டுமே துணை: போவது பிரவுசரா, டிஸ்கார்ட் ஆப்பா, வேறு ஏதாவதா?

ரிட்டா ஒரு நாள் அளவு லாக்கை வைத்துத் தாளம் பார்க்கிறது. ஹேமர்டாஸ் மாதிரி நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அதையும் ஆபீஸ் நாட்களில் மட்டும் செய்துவிட்டுப் போகிற ஒன்றுக்கு அங்கே தாளமே விழாது. அதைப் பிடிக்க நான் தனியாக ஒன்று செய்கிறேன். சமூக ஊடக முகவரிகளுக்கு பிரவுசர் அல்லாத ப்ரோக்ராம் ஒரே ஒரு முறை போனாலும் சிஸ்மான் பதிவிலிருந்து எடுத்து எனக்கு மெயில் வர வைத்திருக்கிறேன். தாளமே தேவையில்லை, ஒரு தடவை போதும்.

அதுவும் தோற்கும் இடம் உண்டு. 2017இல் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் எழுதியதைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். டர்லா என்ற உளவு ஹேக்கர் குழு ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பரப்பியது. அது பிரிட்னி ஸ்பியர்ஸின் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே வரும் கமென்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் போடும். விடை 183 வந்தால் அதுதான் தனக்கு வந்த செய்தி. அந்த கமென்ட்டில் கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் ஜாயினர் எழுத்துக்கும் ஹேஷ் குறிக்கும் அடுத்து வரும் எழுத்துகளைக் கோர்த்தால் ஒரு குறுஞ்சுட்டி. அந்தக் கமென்ட் போடப்பட்ட பிப்ரவரியில் அந்தச் சுட்டிக்குக் கிடைத்த கிளிக் 17 மட்டுமே. ரசிகர் ஒருவர் ஏதோ உளறியிருக்கிறார் என்றுதான் யாரும் கடந்துபோயிருப்பார்கள். யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்கிற நமக்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துக் குடும்பம் அன்னியம் இல்லை, க்‌ஷ ஒட்டாமல் பிரிந்து வர அதன் உறவுக்கார எழுத்தைத்தான் நடுவில் வைக்கிறோம். ஆகவே அதைக் கண்டாலே தடுப்பது என்ற வழி நமக்கு ஒத்துவராது.

இதில் போகிற ப்ரோக்ராம் ஃபயர்ஃபாக்ஸேதான், போகிற இடம் இன்ஸ்டாகிராம். சிஸ்மானுக்கும் ஜீக்குக்கும் சந்தேகப்பட எதுவும் இல்லை. இதற்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் பாலிசி வைத்து எல்லா எக்ஸ்டென்ஷனையும் தடுத்துவிட்டு, தேவையானவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுமதிக்கலாம். எங்கள் ஆபீசில் அனுமதித்த பட்டியல் ஒரு கை விரலுக்குள் அடங்கும். இதற்குப் பைசா செலவில்லை, எந்தப் புதுப் பெட்டியும் வேண்டாம். மூன்று கருவிகளையும் போடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள்.

அதே கையோடு விண்டோஸ் ஃபயர்வாலில் வெளியே போகும் இணைப்புகளையும் கட்டுப்படுத்தலாம்: பிரவுசர், டாலி, டிஎஸ்சி கையெழுத்து மென்பொருள், ஆன்டிவைரஸ், விண்டோஸ் அப்டேட் இவை மட்டும் போகலாம். அந்தப் போலி எஸ்விசிஹோஸ்ட்டுக்கு இதிலேயே வழி அடைந்திருக்கும். சம்பவத்துக்குப் பிறகு அக்கவுண்ட்ஸ் பகுதிக்கும், டிஎஸ்சி பயன்படும் கம்ப்யூட்டர்களுக்கும் இதைப் போட்டிருக்கிறேன். மற்ற மேஜைகளில் ஏதாவது ஒன்று நின்றுபோகும் என்ற பயத்தில் ஒவ்வொன்றாக நகர்கிறேன்.

டிஎல்எஸ்ஸை நடுவில் பிரித்துப் படிக்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதைச் செய்தால் கட்டளை எழுதிய படத்தையே பார்த்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லா கம்ப்யூட்டரிலும் நம் சான்றிதழை நம்பச் செய்ய வேண்டும், வங்கித் தளத்துக்கும் அரசுத் தளத்துக்கும் விலக்குக் கொடுக்க வேண்டும், சில ஆப்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டா. அதைவிட, ஊழியர் மதிய இடைவேளையில் வாட்ஸ்அப் வெப்பில் வீட்டுக்கு என்ன எழுதினார் என்று நம் பெட்டி திறந்து பார்க்கும் நிலையில் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். முதலாளியிடமும் அதையே சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். ஜீக் பெயரையும் நேரத்தையும் மட்டும் பார்ப்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை, அதைச் சொல்லித்தான் ஊழியர்களிடம் இதைப் போடுவதாக அறிவித்தேன்.

ரிட்டா தானாக வந்து எழுப்பாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெர்மினலில் போய்ப் பார்க்க வேண்டும். முடிவை எடுத்து, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் வழியாகக் காலை எட்டு மணிக்கு மெயில் வரும்படி நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன். லினக்ஸ் கமாண்ட் லைன் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் சில வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும். ஆவணங்கள் ஆங்கிலத்தில். நிறுவுவது உபுண்டுவில் சிக்கலில்லாமல் முடிகிறது, அதற்குப் பிறகு வரும் கான்ஃபிக் வேலையில்தான் நேரம் போகிறது. மின்சாரம் போய் வந்தால் ஜீக் தானாக எழும்படி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். மண்ணடியில் கோடைக்காலத்து மதியங்களில் கரண்ட் போவது புதிதல்ல.

ஊழியர்கள் மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து வேலை செய்யும் ஆபீஸ் என்றால் ஜீக் பெட்டியால் பாதிப் பயன்தான், அங்கே சிஸ்மானையும் பிரவுசர் பாலிசியையும் மட்டும் நம்புங்கள். சிஸ்மான் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்க வாஸு என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, கொஞ்சம் கனமான சமாச்சாரம், தனி கம்ப்யூட்டர் கேட்கும். எங்களுக்கு விண்டோஸின் ஈவன்ட் ஃபார்வர்டிங்கே போதுமானதாக இருக்கிறது.

ஏற்கெனவே ஏதோ தொற்றியிருக்கிறது என்ற சந்தேகத்தில் இதைப் படிக்கிறவர்கள், பெட்டி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். சர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவில் பாட்களை நீக்கும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஜீக் ஐந்துக்கு ஐந்து. சிஸ்மானும் ஐந்து, கான்ஃபிக்கைப் படிக்கிறவர் கையில். ரிட்டாவுக்கு நான்கு, தானாக எச்சரிக்கை அனுப்பும் வசதி உள்ளேயே வந்துவிட்டால் அதுவும் ஐந்துதான். ஆபீசில் ஃபயர்வால் சந்தாவை இந்த முறை புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்தில் டிஎஸ்சி பயன்படுத்தும் வேலைக்கென்று மட்டும் இரண்டு தனி கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் வாட்ஸ்அப்பும் இருக்காது, மெயிலும் இருக்காது, ஐஸ்கேட்டும் வங்கியும் தவிர வேறு எந்த முகவரிக்கும் வழியும் இருக்காது.